எமில்டா மாமியின் வெளிக்குசினி

செவன் கிங்ஸ், இலண்டன்
தவக்காலத்து நாலாம் வெள்ளி

அன்பும் மரியாதையும் நிறைந்த எமில்டா மாமி அவர்களுக்கு,

உங்கள் தம்பி கஸ்பரின் மகள் றூபினி எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். அதுபோல நீங்களும், உங்கள் மகன் அனுசனும், கோழிகளும், வைகாசியில் உங்கள் இரண்டு அறைகளிலும் தங்க வரப்போகிற, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களும் சுகமாயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் என்றதும் பயப்படவேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் கண்ணாடி தேடப் பஞ்சிப்பட்டு அனுசனிடம் வாசிக்கக் கொடுப்பீர்கள். அனுசன் அதைக் குடும்பக் குழுவில் போடுவான். ஐந்து நிமிடத்தில் அப்பா வாசித்துவிடுவார். அதனால்தான் எங்கள் பங்கைச் சேர்ந்த பிறின்சி அக்கா நாளைக்கு ஊருக்குப் பறக்கும்போது அவவின் கையில் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். புதன்கிழமைக்குள் தலைமன்னாருக்கு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறா. அடுத்த கிழமை ஞாயிறு பூசை முடிய அப்பா உங்களுக்கு அழைப்பு எடுப்பார். உங்களுக்கென்று முற்றத்தில் வைத்துச் சமைக்கிற ஒரு வெளிக்குசினி செய்து வைத்திருப்பதாகச் சொல்லுவார். நீங்கள் உடனே “ஓம் தம்பி, அனுப்பு” என்று சொல்லவேண்டும். இந்தக் கடிதம் எழுதுவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். மிச்சமெல்லாம் அதை ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

போன நத்தார்ப் பெருநாளுக்கு நாங்கள் பதினான்கு பேர் வீடியோவில் கூடியிருந்தது நினைவிருக்கும். கார்த்திகைக் காற்றில் உங்கள் ஓலைக்குசினி விழுந்த கதையைச் சொன்னீர்கள். அப்பா உடனே, “யோசிக்காதேங்கோ அக்கா, நான் இஞ்சையிருந்து ஒண்டு அனுப்பிறன்” என்றார். அதற்கு நீங்கள், “வேண்டாமடா தம்பி. நீ அனுப்பின கேற்றும் கறள், அடுப்பும் கறள், தட்டும் கறள். நீ அனுப்பினதில இன்னும் கறள் பிடிக்காதது அந்த நீல வாளி ஒண்டுதான்” என்றீர்கள். பதினான்கு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதில் பிழையில்லை, கடலிலிருந்து நூறு அடி தூரத்தில் இருக்கிற வீட்டில் இரும்பு துருவேறிக் கறள் பிடிப்பது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் மாமி, அப்பா கையிலிருந்த ரோல்ஸைப் பாதியில் தட்டில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். என் இருபத்தேழு வயதில் அப்பா ஒரு ரோல்ஸைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

தை பிறந்ததும் அப்பா தன் சிநேகிதர் வாமதேவன் அங்கிளை வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்கிள் ஜேர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். வால்தம்ஸ்டோவில் பட்டறை வைத்து, சாப்பாட்டுக் கடைகளுக்கு ஸ்டீல் மேசையும் புகைக்கூடும் செய்து பூட்டுகிறார். எதைச் சொன்னாலும் “ஜேர்மனியில” என்றுதான் தொடங்குவார். அவர்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் ஒன்றில்லை, முன்னூற்று நாலு என்று ஒரு வகை, முன்னூற்றுப் பதினாறு என்று ஒரு வகை என்று விளக்கினார். முதலாவது கடைக் குசினிக்குப் போதும், கடற்கரைக்கு இரண்டாவதுதான் சரி என்றார். அப்பா கேட்கவில்லை. “மற்ற ஆக்கள் சொல்லி நான் அனுப்பினதெல்லாம் கறள். இந்தமுறை என்ர கண்ணால பாத்துத்தான் அனுப்புவன்” என்று சொல்லிவிட்டார். அங்கிள் இரண்டு வகைத் தகட்டிலும் துண்டு வெட்டி, துத்தநாகம் பூசிய இரும்பு, வர்ணம் சுட்ட அலுமினியம், தேக்கு, ஒட்டுப்பலகை என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார்.

அடுத்தது காற்று. தலைமன்னாரின் ஈரக்காற்றை இலண்டனில் எங்கே தேடுவது என்று இரண்டு நாள் யோசித்த அப்பா, மூன்றாம் நாள் எங்கள் குளியலறையைத் தெரிவு செய்தார். யன்னலை ஒட்டினார், சூடாக்கியை இரவும் பகலும் போட்டுவிட்டார், ஈரத் துவாய்களைத் தொங்கவிட்டார், ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றைப் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தார். திரைச்சீலைக் கம்பியில் துண்டுகள் எல்லாம் கருவாடுபோல வரிசையாகத் தொங்கின. ஷிப்ட் முடிந்து குளிக்கப் போன அம்மா அதே வேகத்தில் வெளியே வந்து, “இஞ்சருங்கோ, நான் முகம் கழுவ உள்ள போனனான், ஒரு தேக்கு என்ர தலையில இடிக்குது” என்றா. எனக்கும் இதில் ஒரு நட்டம் உண்டு. இந்த வீட்டில் யாரும் வந்து என்ன வாசிக்கிறாய் என்று கேட்காத ஒரே இடம் அந்தக் குளியலறைதான். தண்ணீரில்லாத குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு இருந்து வாசிப்பேன். மாசி முடிவதற்குள் என் புத்தகங்களில் மூன்று ஊறி, தோசைபோல உப்பிவிட்டன. அப்பா தன் கொப்பியில் “கடதாசி: சரிவராது” என்று எழுதி வைத்தார்.

காற்று வந்துவிட்டது, கடல் வேண்டுமே. ஒரு சனிக்கிழமை சவுத்எண்டுக்குப் போனோம். உறைகிற குளிரில் அப்பா காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி ஐந்து லீற்றர் கானில் கடல் தண்ணீரை நிரப்பினார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்புக் காணாது. இது கடலில்லை, கடலுக்குப் போற வழியில நிக்கிற தண்ணி” என்று சொல்லி, வீட்டுக்கு வந்து இரண்டு பிடி கறியுப்பை அதற்குள் போட்டுக் குலுக்கினார். பிறகு காலையிலும் மாலையிலும், வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும், ஸ்பிறே போத்தலில் ஊற்றி ஒவ்வொரு துண்டுக்கும் அடித்தார். பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள்கூட அவ்வளவு பொறுமையாய் விடமாட்டார்கள்.

ஐந்தாம் கிழமை முடிவில் முன்னூற்று நாலு கண்ணாடிபோல இருந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்பாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அங்கிளை வரச்சொல்லிக் காட்டினார். அங்கிள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஜேர்மனியில இப்பிடி நடக்காது” என்றார். “ஜேர்மனியில கடல் எங்க கிடக்கு?” என்றார் அப்பா. பட்டறையில் சும்மா கிடந்த முன்னூற்று நாலுத் தகட்டையே வெட்டச் சொல்லிவிட்டார். நல்லகாலம், அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தலையிடி வந்தது.

போன கோடையில் பங்கிலிருந்து லூர்துக்கு யாத்திரை போனபோது அம்மா ஐந்து லீற்றர் கானில் மாதாவின் தண்ணீர் கொண்டுவந்திருந்தா. தலையிடித்தால் ஒரு கரண்டி குடிப்பா. அன்றைக்கும் குடித்தா, குடித்தபடி தொட்டிக்கு ஓடித் துப்பினா.

“இஞ்சருங்கோ, மாதாவின்ர தண்ணி உப்புக் கரிக்குது.”

அப்பா கொப்பியுடன் ஓடிவந்தார்.

“அப்ப நீங்கள் ஐஞ்சு கிழமையா எந்தத் தண்ணியை அடிச்சனீங்கள்?” என்று கேட்டா அம்மா.

நடந்தது இதுதான் மாமி. எங்கள் பங்கில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழமை இருக்கும், ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை. எங்கள் முறை தை மாதத்தில், சவுத்எண்டுக்குப் போய்வந்த மூன்றாம் நாள் வந்தது. வீட்டைத் துப்புரவாக்கிய அம்மா குளியலறை வாசலில் இருந்த கானைப் பீடத்துக்குக் கீழேயும், பீடத்துக்குக் கீழே இருந்த கானைக் குளியலறை வாசலிலும் வைத்துவிட்டா. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய வெள்ளைக் கான்கள். பெயர் எழுதி ஒட்டுவோம் என்று நான் சொன்னதற்கு அப்பா, “கடலையும் மாதாவையும் எனக்குப் பிரிச்சுத் தெரியாதோ?” என்று கேட்டவர். ஆகவே முன்னூற்று நாலுக்கு ஐந்து கிழமை லூர்துத் தண்ணீர். செபமாலைக்கு வந்த அத்தனை பேரின் நெற்றியிலும் கறியுப்புப் போட்ட சவுத்எண்ட் கடல். வாமதேவன் அங்கிள் சைவ சமயக்காரர், அம்மாவின் கடலைவடைக்காக ஒவ்வொரு பின்னேரமும் வந்தவர். அவருடைய முழங்கால் நோவுக்கும் அம்மா அதைத்தான் பூசிவிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னதும் அவர், “என்ர முழங்கால் சுகம். அது என்ன தண்ணியெண்டு எனக்குத் தேவையில்லை” என்றுவிட்டார்.

அப்பா மாதாவின் தண்ணீரைத் தகரத்துக்கு அடித்ததற்கு அம்மா ஏசுவா என்று நான் காத்திருந்தேன். அம்மா வேறு பக்கத்தால் வந்தா. “பாத்தீங்களே, கறள் பிடிக்கேல்லை. அது மாதாவாலதான்” என்றா. “உப்பு இல்லாததாலயப்பா” என்றார் அப்பா. “அப்ப இரும்புத் துண்டு மட்டும் ஏன் கறள் பிடிச்சது?” என்று நான் வாய் தவறிக் கேட்க, இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் அந்த வீட்டில் ஒரு மறையுரைப் போட்டி நடந்தது. கடைசியில் அங்கிள்தான் முடித்துவைத்தார். “ரெண்டு பேரும் சரி. ஆனா எமில்டா அக்காவின்ர குசினிக்கு மாதா ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் தண்ணி அடிக்க வரேலாதுதானே.” அந்த முன்னூற்று நாலுத் துண்டை எறிய அம்மா விடவில்லை. துடைத்துப் பீடத்தில் சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. இப்போதும் பளபளவென்றுதான் இருக்கிறது.

அப்பா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தமுறை கானில் சிவப்பு மையால் “கடல்” என்று நான்கு பக்கமும் எழுதினார். ஒன்பதாம் நாளே புதிய முன்னூற்று நாலில் தேத்தண்ணி சிந்தியதுபோலப் புள்ளி புள்ளியாய் வந்துவிட்டது. ஒட்டுப்பலகை ஓரத்தில் ஊறி, ஏடு ஏடாய்க் கழன்றது. அலுமினியம் கீறுப்பட்ட இடத்தில் வர்ணம் கொப்பளித்தது. தேக்கு மட்டும் கொஞ்சம் நரைத்ததோடு சரி, எண்ணெய் பூசினால் போதும் என்று அங்கிள் சொன்னார். முன்னூற்றுப் பதினாறு அசையவேயில்லை. அப்பா காலையில் எழும்பி முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்.

பதினேழாம் நாள் முன்னூற்றுப் பதினாறிலும் மண்ணிறக் கோடு வடிந்திருந்தது. நான் உள்ளே போனபோது அப்பா தொட்டியின் விளிம்பில் இருந்தார். கொப்பி மடியில், மூடியிருந்தது. “அக்கா சொன்னது சரி பிள்ளை. என்ர கையால போறது எல்லாம் கறள்தான்” என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்லவேண்டி வந்தால் சுவரைப் பார்ப்பேன். அன்றைக்கும் சுவரைத்தான் பார்த்தேன், சுவருக்கு முன்னால் தகடு தொங்கியது. அப்போதுதான் கண்டேன் மாமி. நான்கு கோடுகள், நான்கும் தகட்டைத் தொங்கவிட மரச்சட்டத்தில் பூட்டியிருந்த நான்கு ஆணிகளின் தலையிலிருந்து தொடங்கின. தகட்டில் ஒன்றுமில்லை. “அப்பா, இது ஸ்டீல் இல்லை, ஸ்குரூ” என்றேன். அப்பா எழும்பி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, துவாயால் துடைத்தார். கீழே தகடு பால்போல இருந்தது. முன்னூற்றுப் பதினாறுத் தகட்டைச் சாதாரண ஆணியால் பூட்டிவைத்துவிட்டு நாங்கள் தகட்டைக் குற்றம் சாட்டியிருக்கிறோம். உங்கள் கேற்றும் இப்படித்தான் ஆணியில் தொடங்கி அழுகியிருக்கவேண்டும். இந்தக் கையால் எத்தனை பரீட்சை எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. அன்றிலிருந்து எனக்கும் தொற்றிவிட்டது. ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது இருக்கை வாங்கின் ஆணிகளைக் குனிந்து பார்க்கிறேன். முந்தாநாள் பக்கத்திலிருந்த ஒரு மனிதரிடம், ஒரு ஆணி சரியில்லையென்றால் முழு வாங்கும் போய்விடும் என்று நானாகவே பேச்சுக் கொடுத்தேன். யாரோடும் கதைக்காத நான். அவர் எழும்பி அடுத்த வாங்குக்குப் போய்விட்டார், அது வேறு விஷயம்.

குசினி மேசைக்கு மேலே போடுகிற கல்லை அம்மாதான் சோதித்தா. “உங்கட தண்ணியால கல்லை என்ன செய்யேலும்? குசினிக்கு வாறது புளியும் மஞ்சளும்” என்று சொல்லி, மூன்று துண்டுக் கல்லில் தேசிக்காய்ச் சாறு, புளிக்கரைசல், மஞ்சள் மூன்றையும் ஒரு இரவு ஊறவிட்டா. காலையில் மாபிளில் தேசிக்காய் கடித்த இடம் வெள்ளையாய்த் தெரிந்தது. அரைத்து ஒட்டிச் செய்கிற செயற்கைக் கல் தப்பியது, ஆனால் வெயிலில் மஞ்சளாகும், சூட்டுச்சட்டி வைத்தால் தடம் விழும் என்று அங்கிள் தள்ளிவிட்டார். மிஞ்சியது கருங்கல். அதன்மேல் அம்மா நண்டுக்கால் வைத்துக் குழவியால் உடைத்தா. நண்டு நாலாய்ப் போனது, குழவியில் ஒரு சில்லுக் கழன்றது, கல்லுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அலுமாரிக் கதவுகள், இறைச்சி வெட்டும் பலகை செய்கிற அதே கட்டிப் பிளாஸ்டிக்கில். நீங்கள் புகழ்ந்த அந்த நீல வாளியின் இனம் என்று அப்பாவே சொல்லிச் சிரித்தார், நத்தாருக்குப் பிறகு முதல் தடவையாக.

அனுசனும் தெரிந்து வைத்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். சட்டமும் தட்டும் முன்னூற்றுப் பதினாறு, ஆணி, பிணைச்சல் எல்லாமும் அதே. மேலே கருங்கல், வருடம் ஒருமுறை எண்ணெய்போன்ற ஒரு பூச்சுப் பூசவேண்டும். கதவு பிளாஸ்டிக் பலகை, பின்பக்கம் மூடாமல் காற்றுப் போக விடவேண்டும், ஈரம் தங்கினால் எந்த வீரனும் தோற்பான். கிழமைக்கு ஒருதரம் கிணற்றுத் தண்ணீரால் கழுவித் துடையுங்கோ, கிணறு உவர் என்றால் மழைத் தண்ணீரால். இரும்புச் சட்டியை ஈரத்தோடு அதன்மேல் கவிழ்த்து வைக்கவேண்டாம்.

போன ஞாயிறு அங்கிளும் அப்பாவும் முழுக்குசினியையும் எங்கள் பின்வளவில் பூட்டிப் பார்த்தார்கள். நாளைக்குக் கழற்றி, இலக்கம் போட்டு, பெட்டியில் அடைப்பதாகத் திட்டம். நேற்று நான் மேல் யன்னலால் பார்த்தேன். அப்பா தனியாக அதன் முன் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, இது கறள் பிடிக்காது.” பிறகு கொஞ்சம் பணிவாக, “அக்கா, இது பிடிக்காது எண்டு நினைக்கிறன்.” பிறகு ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பெரிய மனிதரைப்போல, “ஓ, அந்தக் குசினியோ? அது சும்மா ஒண்டு.” மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டுத் துணியால் கல்லைத் துடைத்தார்.

மாமி, அவருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. நீங்கள் ஒரு “ஓம்” சொன்னால் போதும். கறள் என்ற சொல்லை அந்த ஒரு அழைப்பில் மட்டும் எடுக்காதேங்கோ. நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் கேட்கிறன்.

வீட்டிலும் அயலிலும் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் முத்தத்தையும் பங்கிட்டுக் கொடுங்கோ. உங்கள் செபமாலையில் எங்கள் மூவரையும், ஒரு மணி மிஞ்சினால் முன்னூற்றுப் பதினாறையும் நினைத்துக்கொள்ளுங்கோ.

உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும் மருமகள்,
றூபினி

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டிவிட்டுக் கிழித்து இதை எழுதுகிறேன். இண்டைக்கு வெள்ளி, இறைச்சியில்லை, மீன்தான். பின்னேரம் அம்மா வேலையால் வரும்போது விளைமீன் வாங்கிவந்தா. எமில்டா மச்சாளுக்கு நெருப்புக் காணுமோ எண்டு ஒருக்கா பாக்கிறன் என்று வெளிக்குசினி அடுப்பை மூட்டினா. குளிர்க் கோட்டும் கையுறையும் போட்டபடி ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்று மீன் மீனாய்ப் பொரித்தா, பாட்டும் பாடினா. வீட்டுக்குள் ஒரு துளி மணமில்லை. பிறகு அப்பா நாளைக்குக் கழற்ற ஆயத்தமாக ஸ்பானரை எடுத்துக்கொண்டு போக, “இஞ்சருங்கோ, அதில கை வைக்காதேங்கோ” என்றா.

“இது அக்காவின்ரயப்பா.”

“அக்காவுக்குச் சுத்திவர வெளி கிடக்கு. எனக்கு இருபத்தாறு வருசமா ஒரு யன்னல்தான். மீன் பொரிக்கிறதெண்டால் முதல் மணம் பிடிக்காமல் எல்லாற்ற குளிர்க் கோட்டையும் மேல கொண்டுபோய்ப் பையில கட்டோணும்.”

அப்பா ஸ்பானர் பிடித்த கையை இறக்கினார். மிகவும் சின்னக் குரலில், “ஏன், உனக்குப் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றா அம்மா. மீனைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னா, அவரைப் பார்க்கக்கூட இல்லை. அப்பா ஸ்பானரைக் கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டு வந்து, தட்டோடு அவவுக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது தூறுகிறது. இரண்டு பேரும் உள்ளே வருகிற எண்ணத்தில் இல்லை.

ஆகவே மாமி, மேலே நான் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கோ. வாக்குக் கொடுத்தபடியால் அப்பா ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் எடுப்பார், அனுப்பட்டோ என்று கேட்பார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கோ. உன்ர தெரிவு சரி தம்பி, அதே சாமானை அனுசன் கொழும்பில எடுத்துச் செய்விக்கட்டும் என்று சொல்லுங்கோ, வைகாசிக்கு முன் முடியும். ஒன்று மட்டும், கேட்டவுடனே சொல்லிவிடாதேங்கோ. கொஞ்சம் ஆசைப்பட்டு, யோசித்து, மனமில்லாமல் சொல்லுவதுபோலச் சொல்லுங்கோ.